தகரப்பெட்டியில் 212 கார்ட் இருக்கிறது, நான் சேகரிப்பாளனா இல்லையா?

உப்புவெளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கனகாலமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதன்முறை எழுதுகிறேன், அதுவும் கொஞ்சம் கோபத்தோடு.

ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சான், மனைவியின் தம்பி, கோணேசர் கோயில் நேர்த்தி ஒன்றுக்காகக் குடும்பத்தோடு வந்து இரண்டு கிழமை எங்கள் வீட்டில் நின்றான். நல்ல பொடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் பின்னேரம் மின்சாரம் இல்லை, பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை, என் மகள் அலுமாரிக்கு மேல் இருந்த பழைய பிஸ்கட் தகரத்தை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குள்தான் என் கார்ட்டுகள். 1992 தொடக்கம் 96 வரை பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்ட்டுகள், மல்யுத்தக்காரரின் டிரம்ப் கார்ட் ஒரு கட்டு, திருவிழாக் கடையில் வாங்கிய போக்கிமொன் கொஞ்சம். எண்ணிப் பார்த்தால் 212.

மச்சான் ஐந்து நிமிடம் புரட்டினான். "அத்தான், இது கலெக்‌ஷன் இல்லை, சாமான்" என்றான். பிறகு போனை எடுத்துத் தன்னுடையதைக் காட்டினான். எல்லாம் தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள், மேலே சிவப்பு லேபலில் 8, 9 என்று இலக்கம். ஒன்றொன்றும் என் மோட்டார் சைக்கிள் விலை. "சீரியஸான கலெக்டர் என்றால் இப்படித்தான் வைத்திருப்பான்" என்று வேறு சொன்னான். நான் சிரித்துவிட்டு விட்டேன், ஆனால் அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

இந்தத் தகரம் சுனாமிக்குத் தப்பியது. 2004இல் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்புக்கு மேல் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த கல்யாண அல்பம் முதற்கொண்டு எல்லாம் போனது, அம்மா அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டிருந்த இது மட்டும் அப்படியே இருந்தது. அதற்காக நான் சேகரிப்பாளன் என்று வாதாட வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கார்ட் சேர்க்கிறவனை எது சீரியஸ் ஆக்குகிறது? காசா, எண்ணிக்கையா, பிளாஸ்டிக் கூடா, இல்லையென்றால் வயசுக்குப் பொருந்தாத பைத்தியமா? கடைசியாகச் சொன்னது மனைவியின் கட்சி.

ஈஸ்ட்ஹாம் திருமலையான்:

தம்பி, உங்கள் மச்சானின் வாய் கூடாது, ஆனால் கண் பிழையில்லை. நான் இருபது வருடமாக லண்டனில் இந்தப் பைத்தியத்தில் இருக்கிறேன், கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன்.

முதலில் தகரத்தில் இருப்பதைப் பிரியுங்கள். மல்யுத்த டிரம்ப் கார்ட் விளையாட்டுச் சாமான், அது வேறு சாதி. உயரம், நிறை, மார்பு அளவு சொல்லி அடிக்கிற விளையாட்டு, ஒரு பெட்டி வாங்கினால் முழுக் கட்டும் கைக்கு வந்துவிடும், தேட ஒன்றும் இல்லை. டிரேடிங் கார்ட் என்பது மூடின பக்கெட்டில் வருவது. உள்ளே யார் என்று தெரியாது, ஒரே ஆள் இரண்டு மூன்று தரம் வருவார், வேண்டிய ஆள் வரவே மாட்டார், ஆகவே பக்கத்து வீட்டுப் பொடியனோடு மாற்றத்தான் வேண்டும். அந்த மாற்றலில் இருந்துதான் பெயரே வந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் பபிள்கம் கார்ட்தான் தகரத்தில் இருக்கிற அசல் ஜாதி. மச்சான் அதைத்தான் முதலில் ஒதுக்கி வைத்திருப்பான்!

அடுத்தது, கையில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். போக்கிமொன் ஜப்பானில் 1996இலும் ஆங்கிலத்தில் 1999இலும் வந்தது. ஆங்கில முதல் தொகுதி 102 கார்ட், அதில் நாலாவது சாரிசார்ட் என்ற நெருப்புக் கக்குகிற பிராணி, உலகத்தில் பாதிப்பேர் தேடுவது அதைத்தான். ஆனால் அந்த நாலாம் இலக்கம் மூன்று விதமாக இருக்கிறது. படத்துக்குக் கீழே இடது பக்கம் முதற்பதிப்பு முத்திரை உள்ளது ஒன்று. முத்திரை இல்லாமல், படச்சட்டத்தின் வலது ஓரத்தில் நிழலும் இல்லாமல் வந்தது இரண்டாவது. நிழலோடு மலை மலையாக அச்சடித்தது மூன்றாவது. "என்னிடம் பழைய சாரிசார்ட் இருக்கிறது" என்று எனக்கு எழுதுகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இந்த மூன்றும் வேறு என்றே தெரியாது, ஆனால் விலை மட்டும் முதலாவதின் விலை கேட்பார்கள்.

பிளாஸ்டிக் கூடு பற்றி. பிஎஸ்ஏ என்ற கம்பனி 1991 முதல் இதைச் செய்கிறது. கார்ட்டை அனுப்பினால் படம் நடுவில் இருக்கிறதா, நாலு மூலையும் கூரா, ஓரம் வெளுத்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து 1 முதல் 10 வரை புள்ளி போட்டுக் கூட்டுக்குள் மூடித் தருவார்கள். 9க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்கு விளங்காது, விலையிலோ பல மடங்கு வித்தியாசம் வரும். அது எதற்கென்றால், முகம் பார்க்காத இரண்டு பேர் கடல் கடந்து வாங்கி விற்பதற்கு. உங்களுக்கு விற்கிற எண்ணமே இல்லையென்றால் புள்ளி எதற்கு? நானே என்னுடையதில் காற்பங்கு கூட அனுப்பவில்லை.

கூடும் முத்திரையும் மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது. லோகன் போல் என்ற யூடியூப்காரர் 35 இலட்சம் டொலர் கொடுத்து முதற்பதிப்பு போக்கிமொன் பெட்டிகள் அடங்கிய பெரிய பெட்டி ஒன்றை வாங்கினார், அசல் என்று பார்த்து உறுதிப்படுத்தியும் இருந்தார்கள். 2022 ஜனவரியில் திறந்தால் உள்ளே ஜி.ஐ.ஜோ என்ற பொம்மைச் சிப்பாய்களின் கார்ட்டுகள். காசு கொடுத்தால் பெட்டி வாங்கலாம், கண் வாங்க முடியாது. மச்சானிடம் போனில் இருக்கிறவற்றின் விலையைக் கேட்காமல், எதை ஏன் வாங்காமல் விட்டான் என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வந்தால் அவன் சீரியஸ்தான்.

பாலையூற்று அம்மா:

கனடா, லண்டன் குளிருக்குள் இருந்துகொண்டு மூலை கூரா ஓரம் வெள்ளையா என்று கதைக்கலாம். திருமலையில் இருந்து பாருங்கள்.

என் மகனுக்குப் பதினொரு வயது, போக்கிமொன் கார்ட் சேர்க்கிறான், இரண்டு வருடத்தில் நான் படித்த பாடம் இது. இங்கே முதல் எதிரி காற்று. மினுங்குகிற கார்ட்டுக்கு முன்பக்கம் மெல்லிய பளபளப்புத் தாள், பின்னால் வெறும் கடதாசி. மாரியில் கடதாசி ஈரத்தை உறிஞ்சி விரியும், பளபளப்புப் பக்கம் விரியாது, அப்போது கார்ட் முன்பக்கமாகக் குழிந்து சோற்றுக் கோப்பை மாதிரி வரும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கடதாசி காய்ந்து சுருங்கும், அதே கார்ட் மற்றப் பக்கம் வளையும். ஒரு வருடத்தில் இரண்டு முறை இப்படி நெளிந்தால் எந்தக் கம்பனி வந்து 10 போடும்?

நாங்கள் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உறை, எல்லாம் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள், மருந்துக் குப்பிகளில் வருகிற சிலிக்கா பைகள் உள்ளே. அரிசி போடாதீர்கள், பூச்சி வரும். பழைய போட்டோ அல்பத்தில் அந்த ஒட்டுகிற தாளுக்குள் வைத்தால் கழற்றும்போது முகமே உரிந்துவிடும். றப்பர் பாண்ட் போட்டால் ஓரம் வெட்டுப்படும். கறையானைப் பற்றித் திருமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, பெட்டியைச் சுவரோடு முட்ட வைக்காமல் இருந்தால் சரி.

ஒரு சோகக் கதையும் உண்டு. அவுஸ்திரேலியாவில் இருந்து பெரியப்பா மூன்று அசல் கார்ட் அனுப்பியிருந்தார். என் கணவர் ஆசையாக அவற்றைக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் லமினேற் செய்துகொண்டு வந்துவிட்டார்! பாவம், அடையாள அட்டை மாதிரிப் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தார். மகன் அழவில்லை, கத்தவில்லை. தன் கொப்பியை எடுத்து, "இருப்பவை" என்ற பக்கத்தில் அந்த மூன்றையும் வெட்டிவிட்டு, "இறந்தவை" என்று புதிதாக ஒரு பக்கம் தொடங்கி அங்கே எழுதினான். அன்றைக்குத்தான் இவன் விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

திருவிழாக் கடைக் கார்ட் என்றீர்களே, அவற்றைக் கைபேசி வெளிச்சத்துக்கு மேல் பிடித்துப் பாருங்கள். அசலின் நடுவில் கறுத்த படை ஒன்று உண்டு, வெளிச்சம் இலேசில் வராது. போலி என்றால் விளக்குப் போட்ட காகிதக் கூடு மாதிரி ஒளிரும். ஆங்கிலத்தில் போக்கிமொன் என்ற பெயரில் e எழுத்துக்கு மேல் வருகிற அந்தச் சின்னச் சாய்கோடும் சில போலிகளில் இருக்காது. மகன் போலிகளையும் எறியவில்லை, "கள்ளர்" என்று எழுதித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறான். பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவான்.

கிண்ணியா விங்பேக்:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கார்ட் இல்லை, உலகக் கிண்ண ஸ்டிக்கர். கட்டார் 2022 அல்பம் 670 ஸ்டிக்கர், அதில் 661 ஒட்டிவிட்டேன். எல்லாம் மாற்றி மாற்றித்தான், கையில் காசு எங்கே இருக்கிறது. என் பார்வையில் விஷயம் சின்னது. தன்னிடம் இரண்டு இருக்கிறதைக் கூட மாற்ற மனமில்லாமல் பூட்டி வைக்கிறவன் சேகரிப்பாளன் இல்லை, உண்டியல். உப்புவெளி நானா, உங்களிடம் இரட்டை எத்தனை இருக்கிறது? என் மூத்த நானாவிடமும் அந்தப் பபிள்கம் கார்ட் ஒரு கட்டு இருந்தது என்று ஞாபகம்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

கிண்ணியாத் தம்பி சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பழக்கதோஷம்.

50 கார்ட் கொண்ட தொகுதி, எல்லாம் சம எண்ணிக்கையில் அச்சடித்தது, ஒரு பக்கெட்டில் ஒரு கார்ட் என்று வைப்போம். யாரோடும் மாற்றாமல் தனியே வாங்கி முடிக்கச் சராசரியாக 225 பக்கெட் வேண்டும். வேடிக்கை அதற்குள்தான். முதல் 25 வெவ்வேறு கார்ட் கிடைக்க ஏறத்தாழ 34 பக்கெட் போதும். கடைசி ஐந்துக்கு மட்டும் 114. கடைசி ஒன்றுக்கு 50. பாதித் தொகுதி எந்தப் பொடியனிடமும் இருக்கும், இரண்டு மாதச் சில்லறைக் காசு. கடைசி ஐந்தில் கால் வைக்கிறவன்தான் தான் என்ன செய்கிறான் என்று யோசிக்கத் தொடங்குவான். தம்பியின் 670ஐத் தனியே முடிப்பதென்றால் ஏறத்தாழ 4,750 ஸ்டிக்கர், பக்கெட்டுக்கு ஐந்து என்றால் 950 பக்கெட். 661 வரை வந்தது சாதாரண விஷயம் இல்லை.

சரி, இனி என் கதை. என் பாட்டனாருக்குத் துறைமுக வாசல் பக்கம் ஒரு தேநீர்க் கடை இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது எல்லோருக்கும் தெரியும். மாலுமிகள் கடைக்கு வந்து சிகரெட் பக்கெட்டை உடைத்துவிட்டு உள்ளே இருக்கிற படத்தை மேசையில் போட்டுவிட்டுப் போவார்களாம். என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. ஜோன் பிளேயர் கம்பனி 1938இல் விட்ட கிரிக்கெட் வீரர் தொகுதி, 50 படம், அந்த வருடம் இங்கிலாந்துக்கு ஆட வந்த அவுஸ்திரேலியர்களும் அதில் உண்டு. மேசை துடைக்கிற சாக்கில் அப்பா பொறுக்கினார். பொறுக்கியது மட்டுமில்லை, இரட்டையாக வந்ததை மாலுமிகளிடமே கொண்டுபோய் நீட்டி, கையால் பேசி, வேறு கேட்டு வாங்குவாராம். இங்கிலீஷ் அவருக்குப் பிறகுதான் வந்தது.

அந்தப் படங்களின் பின்பக்கம் அல்பத்தில் ஒட்டுவதற்காக முன்பே பசை பூசியிருப்பார்கள். அவர்களுடைய ஊருக்கு அது வசதி. எங்கள் மாரியில் என்ன நடக்கும்? தகரத்துக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகிவிட்டதாம். பாட்டி புட்டு அவிக்கும்போது அந்த ஆவியில் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார் அப்பா. ஆகவே பாலையூற்று அம்மாவின் பிரச்சினை திருமலையில் எண்பது வருடப் பழசு.

அப்பாவிடம் 43 சேர்ந்தது. யுத்தம் வந்தது, காகிதத் தட்டுப்பாட்டில் 1940 அளவில் பக்கெட்டில் படம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஏழும் வரவில்லை. அந்த ஏழின் இலக்கங்களையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டபோது குடும்பம் தம்பலகாமத்துக்கு ஓடியது, தகரமும் கூடப் போய்த் திரும்பி வந்தது. 1990இல் நாங்கள் ஓடியபோது தகரம் வரவில்லை. வீடு எரிந்தது. கொப்பி மட்டும், அதில் அப்பா காணிக் கணக்கும் எழுதியிருந்தபடியால், உறுதிகளோடு சேர்ந்து அம்மாவின் பைக்குள் வந்துவிட்டது. இருந்த 43இன் பட்டியல் எங்கும் இல்லை. இல்லாத ஏழின் பட்டியல் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்தில் இருக்கிற பழைய மாணவன் ஒருவன் மூலமாக அந்த ஏழையும் வாங்கினேன். இந்தப் படங்கள் அரிதானவை அல்ல, தனித்தனியாகவும் விற்கிறார்கள். கடைக்காரர் நல்ல மனிசன், "இன்னும் கொஞ்சம் போட்டால் முழு 50உம் தருகிறேன், ஏன் ஏழை மட்டும் கேட்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாணவனுக்கும் விளங்கவில்லை, இரண்டு முறை தொலைபேசியில் கேட்டான். பிராட்மன் அந்த ஏழில் இல்லை. அவர் அப்பாவிடம் ஏற்கனவே இருந்தார்.

ஆகவே என்னுடைய தொகுப்பு ஏழு கார்ட். உப்புவெளித் தம்பியின் மச்சான் இதை என்னவென்று சொல்வாரோ தெரியாது.

ஈஸ்ட்ஹாம் திருமலையான்:

ஐயா, வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன், இறங்குகிற இடத்தை விட்டுவிட்டேன்.

நான் முதலில் எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. நிலைமை, புள்ளி என்று கனக்கச் சொன்னேன். அமெரிக்காவில் ஜெபர்சன் பேர்டிக் என்று ஒருவர் இருந்தார், இந்தத் துறைக்கே அத்திவாரம் போட்டவர். சிரகியூஸ் நகரத்தில் மின்சாதன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை, சிறிய சம்பளம், கையெல்லாம் மூட்டுவாதம். அவர் 1939இல் தொடங்கி வெளியிட்ட கார்ட் பட்டியலின் குறியீடுகளைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறோம். கோடிக்கணக்கில் விலைபோகிற ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் கார்ட்டை டி206 என்கிறோமே, அந்த டி என்ற எழுத்து புகையிலைக் கார்ட்டுக்கு அவர் போட்ட குறி. தன்னுடைய மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்ட்டுகளையும் கடதாசிப் பொருட்களையும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, வருடக்கணக்காக அங்கேயே போய் இருந்து ஒழுங்குபடுத்தினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துவிட்டார்.

அந்தக் கார்ட்டுகளை அவர் என்ன செய்தார் தெரியுமா? அல்பங்களில் பசை போட்டு ஒட்டினார்! இன்றைக்கு எந்தக் கம்பனிக்கு அனுப்பினாலும் பின்பக்கம் பசை என்று சொல்லி ஆகக் குறைந்த புள்ளி போடுவார்கள். உலகத்தின் மிகப் பெரிய சேகரிப்பாளன் உப்புவெளி மச்சானின் அளவுகோலில் தோற்றுப்போவார்.

விலை எப்படி வருகிறது என்பதற்கும் ஒரு கதை. டொப்ஸ் கம்பனியின் 1952 பேஸ்போல் தொகுதியில் 311ஆம் இலக்கம் மிக்கி மான்டில். அதிலிருந்து மேலே உள்ள இலக்கங்கள் பருவம் முடிகிற நேரம் கடைக்கு வந்தன, வாங்க ஆளில்லை. களஞ்சியத்தில் தேங்கினதை, 1960இல் கம்பனிக்காரரே படகில் ஏற்றிக்கொண்டுபோய் அத்திலாந்திக் கடலில் கொட்டினார்கள். அந்த மான்டில் ஒன்று 2022 ஓகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்குப் போனது. உங்கள் அம்மா அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டதை நினைத்துக்கொண்டேன் தம்பி. பபிள்கம் கார்ட் அந்த விலைக்குப் போகும் என்று சொல்லவில்லை, கனவு காணாதீர்கள்.

ஓர்ஸ் ஹில் பொடியன்:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், மன்னிக்கவும், நான் வேறு மாதிரி. கம்பஸில் படிக்கும்போது மெஜிக் என்ற கார்ட் விளையாட்டு விளையாடினேன், நல்லவை கொஞ்சம் சேர்ந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேல் ஏறினபோது கார்ட்டின் விலை டொலரில்தானே என்று எல்லாவற்றையும் விற்றேன். குழந்தைக்குப் பால்மா வரிசையில் நின்று வாங்கிய காலம் அது. ஒரு கவலையும் இல்லை. சீரியஸ் என்ற சொல்லே விற்கிறவன் வாங்கிறவனுக்குச் சூட்டுகிற பட்டம் என்பது என் எண்ணம். பக்கெட் உடைப்பதை நேரலையில் போட்டுக் காசு வாங்குகிறார்களே, அது சூதுக்குப் பக்கத்து வீடு. எனக்குத் தெரிந்த ஒருவன் அதில் சம்பளத்தையே விட்டான், அவனும் தன்னைச் சீரியஸ் கலெக்டர் என்றுதான் சொன்னான்.

ஈஸ்ட்ஹாம் திருமலையான்:

நேரலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி தம்பி. வேண்டிய கார்ட் தெரிந்தால் அதைத் தனியாக வாங்குவதுதான் மலிவு, பக்கெட்டை உடைத்து ஆசை தீர்க்கிறவனுக்கு வாத்தியார் ஐயாவின் கணக்கைக் காட்டுங்கள். ஒன்று கேட்கட்டுமா, விற்றதில் எது இப்போதும் ஞாபகம்?

ஓர்ஸ் ஹில் பொடியன்:

கேட்காதீர்கள்.

உப்புவெளிக்காரன்:

மூன்று நாளாக எழுதவில்லை, காரணம் இருக்கிறது. வெள்ளி இரவு பிள்ளைகள் படுத்த பிறகு பாயை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க 212ஐயும் பரப்பினேன். டிரம்ப் கார்ட்டைத் திரும்பக் கட்டினேன், அது மகளுக்கு. திருவிழாப் போக்கிமொன் 23ஐயும் வெளிச்சத்தில் பிடித்தேன், 23உம் காகிதக் கூடு மாதிரி ஒளிர்ந்தது. பாலையூற்று அக்கா, உங்கள் மகனின் கள்ளர் பெட்டிக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

மிச்சம் பபிள்கம். முப்பது வருடமாக என்னிடம் இருக்கிறது, ஒரு நாளும் இலக்கப்படி அடுக்கிப் பார்த்ததில்லை என்று வெட்கத்தோடு சொல்கிறேன். அடுக்கின பிறகுதான் 60 கொண்ட தொகுதி என்றே தெரிந்தது. 57 இருக்கிறது. அசங்க குருசிங்க மட்டும் ஒன்பது! எந்தக் கடையில் எத்தனை பபிள்கம் தின்றால் ஒருவனுக்கு ஒன்பது குருசிங்க வருவார்?

இல்லாத மூன்றில் இரண்டு வெளிநாட்டு வீரர்கள், அவர்கள் என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. மூன்றாவது அரவிந்த டி சில்வா. அது இருந்தது. 1996 மார்ச்சில் லாகூரில் அவர் 107 ஓட்டம் அடித்து மூன்று விக்கெட்டும் எடுத்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அடுத்த கிழமை, வகுப்பில் ஒரு பந்தயத்தில் அவரைத் தோற்றேன். புத்தகக் கிரிக்கெட். இறுதி ஆட்டத்தில் வென்றவரை நான் கடைசி வாங்கில் இருந்து தோற்றேன். இத்தனை வருடமும் அதைச் சுனாமியில் போனது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல, இலக்கப்படி அடுக்கி அந்த இடைவெளியைப் பார்த்த பிறகுதான் உண்மை ஞாபகம் வந்தது.

மச்சானுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன், எதை வாங்காமல் விட்டாய் என்று. பதில் ஒரு மணித்தியாலம் வந்தது, குரல் பதிவு குரல் பதிவாக. ஒரு கார்ட்டுக்காக இரண்டு வருடம் ஒரு கிழவரின் பின்னால் அலைந்து கடைசியில் மூலை பார்த்து வேண்டாம் என்று விட்ட கதை எல்லாம் சொன்னான். அவனும் ஆள்தான். ஈஸ்ட்ஹாம் அண்ணை, நீங்கள் சொன்னது சரி.

கிண்ணியாத் தம்பி, உங்கள் மூத்த நானாவிடம் கேட்டீர்களா?

கிண்ணியா விங்பேக்:

கேட்டேன் நானா. கட்டு இன்னும் இருக்கிறது, உம்மாவின் தையல் பெட்டிக்குள். அரவிந்த இருக்கிறார், வலது பக்க மேல் மூலை மடிந்திருக்கிறது, பின்னால் யாரோ பேனையால் கோடு போட்டு விக்கெட் எண்ணியிருக்கிறார்கள். நானாவுக்கு ரோஷான் மகாநாம வேண்டுமாம். குருசிங்க வேண்டாமாம், அவரிடமும் நாலு இருக்கிறது.

உப்புவெளிக்காரன்:

மகாநாம இரண்டு இருக்கிறது, நல்லதைத் தருகிறேன். மடிந்தாலும் பரவாயில்லை. பேனைக் கோடு என்ன நிறம், நீலமா பச்சையா? பச்சை என்றால் அது என் பேனை.

கிண்ணியா விங்பேக்:

பச்சை.

சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து வருகிறோம், டச்சு பே கடற்கரையில், கச்சான் கடலை விற்கிற இடத்தில். நானாவும் வருகிறார். நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் என்று கேட்கச் சொன்னார்.